மூன்றாம் தரம் இல்லாத நாடு

"கரண்டி வாங்குறதுக்கு அவன் மாடத்துக்குத்தான் போகணுமா? இந்த வீட்டு ஆம்பளை ஏலமேடையில கூவிப் பிழைக்கிறான், இந்த வீட்டுப் பொம்பளை எதிராளி கடையில கரண்டி வாங்குறா. ஊர் என்ன பேசும்?"

"ஊரு பேசட்டும். குழம்பை எதால அள்ளுறதுன்னு நீங்க பேசுங்க. உங்க மேடையில நான் கரண்டி கேட்டது பொங்கலுக்கு முந்தி. இன்னும் ரெண்டு தரத்துலயே நிக்குது. அதுக்காக அடுப்புல குழம்பும் நிக்குமா?"

"சட்டம் அப்படி. நான் என்ன செய்ய?"

"அப்ப சட்டத்தை வச்சு அள்ளுங்க. பருப்பு அடிப்பிடிக்குது."

உள்ளறையிலிருந்து மூன்றாவது குரல் வந்தது. "அண்ணே, மதினி, ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாச் சண்டை போடுங்க. எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறக்காங்க."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவும்தான். கூத்தபிரானுக்கும் அவன் மனைவி சுந்தரவடிவுக்கும் சண்டை என்றால் தெருவுக்கே பொழுது போகும். அவன் ஏலம் கூவுபவன், இயல்பாகப் பேசினாலே ஓடு அதிரும். அவளுக்கோ குரல் தேவையில்லை. சொல்லே போதும்.

ஆனால் அன்றைக்குச் சட்டம் என்ற சொல் அவனை எங்கோ குத்திவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே வேலைக்குப் போனான். அன்று மாலை அவன் வீடு திரும்பவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் அந்த நாட்டின் லட்சணத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நாட்டின் பெயர் பேரம்பாடி. அங்கே எதுவும் கூவித்தான் நடக்கும். மாட்டை விற்றாலும் மூன்று தரம் கூவவேண்டும், தீர்ப்புச் சொன்னாலும் மூன்று தரம் சொல்லவேண்டும். மணமகன் தாலி கட்டும்போது பக்கத்தில் ஒரு கூவுபவர் நின்று, முடிச்சுக்கு ஒரு தரமாகக் கூவுவார். மூன்றாம் தரம் காதில் விழுந்தால்தான் விற்றது விற்றது, தீர்ந்தது தீர்ந்தது, கட்டியது கட்டியது.

ஒவ்வொரு குடிமகனிடமும் ஒரு கைக்கண்ணாடி இருந்தது. ஒரு காலத்தில் அதில் அவரவர் முகம் தெரிந்ததாகச் சொல்வார்கள். பிறகு சந்தை தெரிய ஆரம்பித்தது. படுக்கையில் கிடந்தபடியே அடுத்த ஊர்க்காரனின் பழைய நாற்காலியைப் பார்க்கலாம், விலை கேட்கலாம், அவன் வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்றும் கவனித்துக்கொள்ளலாம். இப்படி முதன்முதலில் கண்ணாடிக்குள் வந்த சந்தைதான் ஏலமேடை. அதன் தலைவர் ஏலாதிபதி இடியேறனார். எவருடைய சந்தையை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்களோ அவருக்கே அரியணைக்குப் பக்கத்து நாற்காலி என்பது நாட்டின் அரசியல் மரபு. அரியணையில் நடுநிலைவர்மர் என்ற மன்னர் இருந்தார். இருந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் குரல் எப்படியிருக்கும் என்று அரசிக்கே ஞாபகமில்லையாம்.

பேரம்பாடி மக்களுக்கு ஒரு பழக்கம். பிடித்த பொருளைப் பிடித்தது என்று காட்டிக்கொள்ளவே மாட்டார்கள். ஒரு தரம் கூவும்போது கொட்டாவி விடுவார்கள். இரண்டாம் தரத்துக்குக் காது குடைவார்கள். மூன்றாம் தரத்துக்குக் கூவுபவர் வாயைத் திறக்கிற அந்தக் கணத்தில் நாடே ஒரே குரலாகக் கத்தும். இந்த வேண்டாத முகத்தைப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக்கூட வேண்டாத முகத்தோடுதான் தின்பார்கள்.

இதனால் தோற்றவர்கள் எல்லோரும் தங்களுக்கு அநீதி நடந்துவிட்டதாக நினைத்தார்கள். "நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள முடிச்சுட்டான்" என்று புகார்கள் குவிந்தன. இடியேறனார் தாமே விசாரித்தார். மீசையை நீவியபடி அவையில் எழுந்தார்.

"யாம் ஆராய்ந்தோம். முதல் தரத்தில் குழப்பமில்லை. இரண்டாம் தரத்திலும் குழப்பமில்லை. சகல குழப்பமும் மூன்றாம் தரத்திலேயே நிகழ்கிறது. ஆகவே, இந்நாட்டில், எக்காரியத்திலும், எக்காரணம் கொண்டும், மூன்றாம் தரம் என்பது இனி இல்லை."

அவை கைதட்டியது. கைதட்டிய பிறகுதான் சிலருக்கு யோசனை வந்தது. யோசித்தவர்கள் மறுபடியும் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து பேரம்பாடியில் எதுவும் முடியவில்லை. எல்லாப் பொருளும் இரண்டு தரத்தில் நின்றது. ஏலத்துக்கு வந்த பால் தயிராகி, தயிர் புளித்து, புளித்ததும் ஏலத்திலேயே இருந்தது. கன்றுக்குட்டியாக மேடையேறிய ஒரு காளைக்கு அங்கேயே கொம்பு முளைத்தது. விற்க வந்தவனுக்குப் பொருளும் இல்லை, பணமும் இல்லை. இதை ஒருவர் அவையில் எழுப்பியபோது இடியேறனார் அசரவில்லை.

"ஏலம் முடிந்தால்தானே ஒருவர் தோற்க வேண்டும்? நம் ஆட்சியில் ஒரு குடிமகனாவது தோற்றதுண்டா? தோல்வியே இல்லாத நாடு இது!"

ஏலத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. எக்காரியத்திலும் என்று அந்த மனிதர் சொல்லித் தொலைத்திருந்தார். கல்யாணங்கள் இரண்டு முடிச்சோடு நின்றன. கூத்தபிரானின் தங்கை இளவஞ்சிக்கும் அதே கதிதான். மாசிலாமணி என்ற மாப்பிள்ளை, பந்தல், மேளம், எல்லாம் நடந்தது. இரண்டாம் முடிச்சில் கூவுபவர் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கூவுபவர் அவள் அண்ணனேதான். அன்றிலிருந்து அவள் பாதி மனைவியாக அண்ணன் வீட்டில் இருந்தாள். மாசிலாமணி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாதிக் கணவனாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக்குள் இன்னொரு சந்தை தோன்றியது. அடுக்குமாடம். அங்கே கூச்சல் கிடையாது. பொருளைப் பார்க்கலாம், விலை எழுதியிருக்கும், தொட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அதன் தலைவர் அடுக்காதிபதி மென்சொல்லார். பெயருக்கேற்ற மனிதர். அவர் பேசினால் பக்கத்திலிருப்பவரே குனிந்துதான் கேட்கவேண்டும். குனிந்தவர்களை அவர் தம் கட்சிக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டார்.

"கூவ வேண்டாம். காத்திருக்க வேண்டாம். வாசலுக்கு வரும், கூலி கிடையாது" என்று தேர்தலில் வாக்குறுதி கொடுத்தார். காத்திருந்து கால் வீங்கிப்போயிருந்த மக்கள் அவரை அள்ளிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சுந்தரவடிவும் அவருக்குத்தான் போட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரியும்.

ஆறு மாதம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மென்சொல்லாரின் ஆணைகள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் மிகவும் மெதுவான குரலில்.

முதலாவது, ஒன்றுபோல் சட்டம். அடுக்கில் வைக்க வேண்டுமானால் பொருள்கள் ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஆகவே ஒரே மாதிரி ஆயிரம் இல்லாத எதையும் நாட்டில் விற்கக்கூடாது. பழைய பொருள், நசுங்கிய பொருள், கையால் செய்த பொருள் யாவும் கள்ளப் பொருள். பூட்டுகளும் ஒன்றுபோல் செய்யப்பட்டன, எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. ஊரில் ஒருவர் வேலை முடிந்து களைத்து வந்து, வேறொருவர் வீட்டைத் திறந்து, சாப்பிட்டு, படுத்து, விடிந்த பிறகுதான் அது தம் வீடு இல்லை என்று கண்டுபிடித்தார். புகார் போனது. "எல்லார் வீடும் எல்லாருக்கும் திறக்கும் நாடு வேறெங்கே உண்டு?" என்று மென்சொல்லார் கண்கலங்கினார்.

இரண்டாவது, முகவிலை. கண்ணாடி, பார்ப்பவரின் முகத்தைப் பார்க்கும். ஆசை தெரிந்தால் விலை ஏறும். பேரம்பாடிக்காரர்கள் வேண்டாத முகத்தில் தேர்ந்தவர்கள்தான், ஆனால் கண்ணாடி அவர்களைவிடக் கெட்டிக்காரக் கண்ணாடி. பசியோடு அரிசியைப் பார்க்கக்கூடாது என்று வைத்தியர்கள் அறிவுறுத்தினார்கள்.

மூன்றாவதாக வந்தது பொட்டு. வாங்கியவர் விற்றவருக்குப் பொட்டு வைக்கலாம். ஐந்து பொட்டு என்றால் உத்தமர், மூன்றுக்குக் கீழே என்றால் அடுக்கின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் போட்டுவிடுவார்கள். பொட்டு வைக்கிற பழக்கம் சந்தையோடு நிற்கவில்லை. அடுக்குமாடத்தில் மூட்டை சுமக்கும் வேலையில் சேர்ந்திருந்த மாசிலாமணி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் இளவஞ்சிக்கும் பொட்டு வைத்தான்.

"நடைக்கு நாலு. சிரிப்புக்கு மூணு. இன்னும் கொஞ்சம் பல் தெரியாமச் சிரிச்சா நாலாக்கிருவேன்."

"மூணாவே இருக்கட்டும்" என்பாள் இளவஞ்சி.

இத்தனையிலும் மூன்றாம் தரத் தடையை மட்டும் மென்சொல்லார் நீக்கவில்லை. எதிர்க்கட்சியில் இருந்தபோது அதைத்தான் கரித்துக் கொட்டினார். ஆட்சிக்கு வந்ததும், "முந்தைய ஆட்சியின் சட்டத்தை மதிப்பதே நாகரிகம்" என்றார். உள்விஷயம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தடை இருக்கும்வரை ஏலமேடைக்குக் கூட்டம் சேராது.

இடியேறனாரும் சும்மா இருக்கவில்லை. மக்களுக்குக் கூச்சல் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, மேடையிலும் நிலைவிலை எழுதிவைத்தார். கூவுபவர்கள் இனி கிசுகிசுப்பாகத்தான் கூவவேண்டும் என்று உத்தரவிட்டார். பாதிப் பேர் குரல் செத்துப்போய் அடுக்குமாடத்தில் மூட்டை சுமக்கப் போய்விட்டார்கள். அதே சமயம் மென்சொல்லாருக்கு, ஏலத்தில்தான் மக்களுக்குக் கிளுகிளுப்பு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் அடுக்குகளுக்கு நடுவே குட்டி ஏலங்களை ஆரம்பித்தார். அவையும் இரண்டு தரத்தில் நின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறிக்கொண்டே போய், கடைசியில் கண்ணாடியில் எது மேடை, எது மாடம் என்று மேலே இருக்கும் பெயரைப் பார்த்தால்தான் தெரிந்தது. இரண்டு தலைவர்களும் தினமும் கண்ணாடியில் தோன்றி ஒருவரையொருவர் நாட்டின் சாபம் என்றார்கள். அதுவும் ஒரே மாதிரிதான் இருந்தது.

கரண்டிச் சண்டை நடந்தது இந்தக் காலத்தில்தான்.

பசியோடு மேடைக்குப் போன கூத்தபிரான் முன்னால் அந்தக் கொம்பு முளைத்த காளை நின்றது. விற்க வந்தவன் தரையில் குந்தியிருந்தான், வாங்கக் கேட்டவன் எதிரே குந்தியிருந்தான். இருவருக்கும் இத்தனை மாதத்தில் நல்ல சிநேகமாகிவிட்டது. "ஒரு தரம்" என்று கூத்தபிரான் கிசுகிசுத்தான். "இரண்டு தரம்" என்று கிசுகிசுத்தான். காளை அவனை ஏறிட்டுப் பார்த்தது. பருப்பு அடிப்பிடிக்குது என்று பெண்டாட்டி சொன்னது அவனுக்கு ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

"மூணு தரம்!"

அடக்கிவைத்த குரல் அத்தனையும் சேர்ந்து வந்தது. கூரைப் புறாக்கள் பறந்தன. காளைக்காரன் அழுதேவிட்டான். கூத்தபிரான் நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டுக்கு, மூணு தரம். அதற்கடுத்த கட்டிலுக்கு, மூணு தரம். காவலர்கள் வந்து வாயைப் பொத்துவதற்குள் கைக்கெட்டிய தூரம்வரை எல்லாவற்றையும் முடித்துவைத்துவிட்டான்.

முடித்துவைத்த குற்றத்துக்காக அவனை நீதிமான் நிதானர் முன் நிறுத்தினார்கள். நிதானர் நல்லவர். சட்டப்புத்தகத்தைப் புரட்டி, காளைக்குக் கொம்பு முளைக்கும்வரை காக்கவைத்தது கொடுமை என்று கண்டு, கூத்தபிரான்மேல் தவறில்லை என்ற முடிவுக்கு வந்தார். சுந்தரவடிவு கைகூப்பியபடி நின்றாள்.

"விடுதலை, ஒரு தரம்" என்றார் நிதானர். "விடுதலை, இரண்டு தரம்." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

"ஐயா, இன்னொரு தரம்?"

"அதற்கில்லையம்மா சட்டம். கவலைப்படாதே. உன் கணவர் ஏறக்குறைய விடுதலை ஆகிவிட்டார்."

"ஏறக்குறையன்னா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

"முழுதாக விடுதலை ஆன பிறகு."

அதுவரை சிறையிலே இருக்கவேண்டியது. சிறையில் அவனைப்போல ஏறக்குறைய விடுதலையானவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சிலருக்கு எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது.

சுந்தரவடிவுக்குக் குழம்பு இறங்கவில்லை. கரண்டியைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கலாம். இல்லை, பேசிவிட்டுச் சோறாவது போட்டிருக்கலாம். அடுக்குமாடத்திலிருந்து வந்த கரண்டியைப் பரணில் தூக்கி எறிந்துவிட்டு, இளவஞ்சியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். முதலில் இடியேறனார் மாளிகை.

"அடடா! என் மேடையின் சிங்கமல்லவா அவன்!" என்று இடியேறனார் உறுமினார். "யாம் என் செய்வோம், தாயே! ஆட்சி அவர்களுடையது. ஆணையிட வேண்டியவர் மென்சொல்லார்."

அங்கிருந்து மென்சொல்லார் மாளிகை. அவர் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டபிறகுதான் தெரிந்தது: "சட்டம் அவர்களுடையது, சகோதரி. இயற்றியவர் இடியேறனார். அடுத்தவர் சட்டத்தில் நான் கைவைப்பது பண்பாகாது."

"ஒருத்தர் சட்டம் போட்டாராம், இன்னொருத்தர் காவல் இருக்காராம்" என்றாள் சுந்தரவடிவு வெளியே வந்து. "நடுவுல என் வீட்டுக்காரர் முக்கால்வாசி வெளிய, கால்வாசி உள்ள."

"மதினி, ஒண்ணு கவனிச்சியளா?" என்றாள் இளவஞ்சி. "ரெண்டு வீட்டுலயும் ஒரே சுண்ணாம்பு அடிக்காங்க. ரெண்டு வாசல்லயும் வாழைமரம் வந்து இறங்குது."

இரண்டு வீட்டிலும் ஒரே முகூர்த்தத்துக்குக் கல்யாணம் என்றால், ஒன்று தற்செயல், இல்லாவிட்டால் சம்பந்தம். தெருவுக்கு வந்து சேருவதற்குள் விசாரித்துவிட்டார்கள். சம்பந்தமேதான். மென்சொல்லார் மகளுக்கும் இடியேறனார் மகனுக்கும். போட்டி போடுவதில் ஆகிற செலவைவிடக் கல்யாணச் செலவு குறைவு என்று இரண்டு வீட்டுக் கணக்கப்பிள்ளைகளும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்களாம். அன்று மாலையும் இருவரும் கண்ணாடியில் தோன்றி ஒருவரையொருவர் நாட்டின் சாபம் என்றார்கள். பேசி முடித்து இருவரும் ஒரே மூக்குப்பொடி டப்பியில் கைவிட்டதைக் கண்ணாடியை அணைக்க மறந்த சிலர் பார்த்தார்கள்.

கல்யாணம் என்றதும் இன்னொரு சிக்கல் எழுந்தது. அடுக்காதிபதியின் மகள் ஊரார் மகள்களைப்போல இரண்டு முடிச்சோடு நிற்கலாமா? அவை அவசரமாகக் கூடியது. பழைய சட்டத்துக்குப் பங்கம் வராமல் புதுத் திருத்தம் ஒன்று பிறந்தது. கல்யாணப் பந்தலுக்குள் மட்டும், முகூர்த்தம் முடியும்வரை மட்டும், கூவுபவரின் குரலில் கேட்கும் மூன்றாம் தரம் செல்லும். அந்தக் குரல் எட்டும் இடமெல்லாம் பந்தலாகவே கருதப்படும். பந்தல் பெரிது, கடைசி வரிசைவரை கேட்கவேண்டுமே என்று இந்தக் கடைசி வரியைச் சேர்த்தவர் இடியேறனார். நாடெங்கும் பார்த்து வியக்கட்டும் என்று கல்யாணத்தை எல்லாக் கைக்கண்ணாடியிலும் காட்டச் சொன்னவர் மென்சொல்லார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே நின்றிருக்கும்.

கூவுவதற்கு ஆள் தேடினார்கள். குரல் உள்ளவன் ஒருவன்கூட அகப்படவில்லை. கிசுகிசுத்தே கெட்டுப்போன தொண்டைகள். கடைசியில் சிறைக்குத்தான் வரவேண்டியிருந்தது.

பந்தல் வாசலில் காவலர்கள் நடுவே கூத்தபிரானைச் சுந்தரவடிவு பார்த்தாள். இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வெற்றிலைத்தட்டை நீட்டுகிறவள்போலக் கிட்டே போனாள்.

"ரெண்டோட நிறுத்திருங்க. என் மூஞ்சியைப் பாக்காதீங்க."

"வடிவு, சாப்பிட்டியா?"

"சொன்னதைச் செய்யுங்க."

நாதஸ்வரம் ஏறியது. மன்னர் நடுவில், சம்பந்திகள் இருபுறமும். முன்வரிசையில் நீதிமான் நிதானர் பாயசத்தோடு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டான்.

"ஒரு தரம்!"

இரண்டாவது முடிச்சு.

"ரெண்டு தரம்!"

மாப்பிள்ளை மூன்றாம் முடிச்சுக்கு நூலைச் சுற்றினான். கூத்தபிரான் வாயைத் திறந்தான். மூடினான். தொண்டையைத் தடவினான். தண்ணீர் கேட்டான். தண்ணீர் வந்தது. மெதுவாகக் குடித்தான். இன்னொரு சொம்பு கேட்டான்.

நாதஸ்வரக்காரர் ஊதியதையே ஊதினார். ஐயர் வானத்தைப் பார்த்தார். சுந்தரவடிவு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பாக்கை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். பேரம்பாடி வரலாற்றிலேயே அப்படியொரு வேண்டாத முகத்தை யாரும் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்த இளவஞ்சிக்கே சந்தேகம் வந்துவிட்டது, மதினி கோபத்தில் அண்ணனையே வேண்டாமென்று முடிவுகட்டிவிட்டாளோ என்று.

மென்சொல்லார்தான் முதலில் இறங்கி வந்தார்.

"சகோதரி, உங்கள் கணவருக்கு என்ன வேண்டும்?"

"அவரைக் கேளுங்க. நான் சாப்பிட வந்தவ."

"அடுக்கின் மேல்தட்டில் நிரந்தர இடம். ஐந்து பொட்டு."

சுந்தரவடிவு கொட்டாவி விட்டாள்.

இடியேறனாருக்குப் பொறுக்கவில்லை. எதிரி விலை சொல்லும்போது அவரால் சும்மா இருக்க முடியாது, சம்பந்தியாக இருந்தாலும். "ஏலமேடைத் தலைமைக் கூவுநர் பதவி! பல்லக்கு!"

"பல்லக்கோடு மாளிகை" என்றார் மென்சொல்லார்.

"மாளிகையோடு மந்திரி பதவி!"

"இரண்டு மந்திரி பதவி."

"அப்பா!" என்று மணமேடையிலிருந்து மணப்பெண் கூப்பிட்டாள். "எனக்குக் கழுத்து வலிக்குது. என்ன கேக்குறாங்களோ குடுத்துத் தொலைங்களேன்."

ஐயர் கையைத் தூக்கினார். முகூர்த்தம் முடிய இன்னும் கண்சிமிட்டும் நேரம்தான். கூத்தபிரான் மூச்சை இழுத்தான். அந்தக் கணத்தில் சுந்தரவடிவு எழுந்து நின்றாள். பாக்கைத் துப்பினாள்.

"பல்லக்கும் வேண்டாம், பதவியும் வேண்டாம். அந்தா பாயசம் குடிக்காரே பெரியவர், அவர் பாதியில விட்ட தீர்ப்பை முடிக்கச் சொல்லுங்க. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்."

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தீர்ப்பை முடித்தால் சட்டம் போய்விடும், முடிக்காவிட்டால் கல்யாணம் போய்விடும். இருவரும் மன்னரைப் பார்த்தார்கள், பழி போட வேறு ஆளில்லாததால்.

"ஆகட்டும்" என்றார் மன்னர் நடுநிலைவர்மர்.

குரல் சன்னமாக, கொஞ்சம் மூக்கடைப்போடு இருந்தது. அரசி திரும்பிப் பார்த்தாள்.

நிதானர் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "விடுதலை" என்றார், "மூன்றாம் தரம்" என்றார், அதோடு விடாமல், "கூவுபவர் உரக்கச் சொன்னால்தான் செல்லும்" என்றார்.

கூத்தபிரான் கூவினான்.

"மூணு தரம்!"

பந்தல்கால்கள் ஆடின. மூன்றாம் முடிச்சு விழுந்தது. நாடெங்கும் எல்லாக் கைக்கண்ணாடிகளிலிருந்தும் அதே குரல் கிளம்பியது. கிராமத்திலும் கோட்டையிலும் குரல் எட்டியது. எட்டிய இடமெல்லாம் பந்தல். சட்டம் அப்படித்தான் சொன்னது. அந்த ஒரே குரலில் பேரம்பாடியில் நின்றுபோயிருந்த அத்தனையும் முடிந்தது. ஆடுகள் கைமாறின. பழைய நாற்காலிகள் வீடு போய்ச் சேர்ந்தன. சிறைக்கதவுகளை உள்ளேயிருந்தே திறந்துகொண்டு ஏறக்குறைய விடுதலையானவர்கள் முழுதாக வெளியே வந்தார்கள், ஒரே சாவிதானே. இரண்டு முடிச்சுக் கணவன்மார்கள் அவரவர் வீட்டில் விழுந்தடித்து மூன்றாவதைப் போட்டார்கள். எங்கும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. நாடு முழுக்க நீளமாக ஒரு மூச்சுவிட்ட சத்தம்தான் கேட்டதாம்.

சுந்தரவடிவு நேரே பந்திக்குப் போய் இலை போட்டு, கூத்தபிரானை உட்காரவைத்தாள். அன்று விட்டுப்போன சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சாப்பிட்டான். அவன் ரசத்துக்கு வரும்போதுதான் அவள் அழுதாள்.

"ஏன் அழுவுற? நல்லாத்தானே இருக்கு சாப்பாடு."

"பேசாமத் தின்னுங்க."

பிறகு மேடையும் மாடமும் ஒரே நிறுவனமாயின. பெயர்ப்பலகைகள் மட்டும் இரண்டு. அடுத்த தேர்தலில் மக்கள் இடியேறனாரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கடுத்ததில் மென்சொல்லாரை. யார் வந்தாலும் பக்கத்து நாற்காலியில் சம்பந்தி இருந்தார். போட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று இருவரும் அறிவித்தார்கள். மூன்றாம் தரத்தை மறுபடியும் தடைசெய்ய மட்டும் இருவருக்குமே தைரியம் வரவில்லை. குரல் உள்ள ஒருவன் வெளியே இருந்தானே.

புதுமணத் தம்பதிக்குக் கோட்டையில் தனி மாளிகை கட்டினார்கள். அந்தப் பெண் ஒரு மழைக்காலம் இருந்துபார்த்துவிட்டு, இரண்டு அப்பாக்களின் சத்தமும் கேட்காத மலையூருக்குப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கூத்தபிரானும் சுந்தரவடிவும் எங்கும் போகவில்லை. இப்போதும் சண்டை போடுகிறார்கள். ஜன்னல்கள் திறக்கின்றன.

மாசிலாமணி கதைதான் பாவம். நாடே மூன்றாம் முடிச்சுப் போட்ட அந்தக் கணத்தில் அவன் ஊரின் மறுகோடியில் ஒரு மூட்டையை ஒப்படைத்துக்கொண்டிருந்தான். தாமதித்தால் பொட்டுக் குறையும். ஆகவே இளவஞ்சியின் ஏலம் மட்டும் கேட்பாரில்லாமல் முடிந்தது. இரண்டு முடிச்சு நூலை அவள் அன்று சாயங்காலமே அவிழ்த்து அவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். தெருவே துக்கம் விசாரிக்க வந்தது. அவள் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். மாசிலாமணி அடுத்த வருடம் அடுக்குமாடத்துக் கணக்கப்பிள்ளையின் மகளைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணும் பொட்டு வைப்பவள்தானாம், இருவருக்கும் நன்றாகப் பொருந்திப்போயிற்று.

இளவஞ்சி படகேறி, ஆறு கடலில் சேரும் துறைமுகத்துப் பக்கம் போய்விட்டாள். அங்கே பாய்மரத் துணி தைக்கிறாளாம். மூன்று வருடம் கழித்து அந்தப் பக்கம் போன உப்பு வியாபாரியிடம், கல்யாணம் ஏதும் ஆச்சா என்று கேட்டுவரச் சொன்னாள் சுந்தரவடிவு. தெருவில் பாதிப்பேர் அவளை அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

அவர் பதில் கொண்டுவந்தார்: "மதினிகிட்டச் சொல்லுங்க, இங்க மழை நல்லாப் பெய்யுது. மீன் மலிவு. நான் இளைச்சிட்டேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."